இரண்டாம் சுற்றில் எழுந்திருக்கக் கூடாது

நீங்கள் என்னை உட்காரவைத்து எழுதச் சொல்லியிருக்கும் இந்த வட்ட மேசையை வாங்கியவன் நான்தான். கதவுச் சட்டத்தைக் கழற்றித்தான் இதை உள்ளே கொண்டுவர முடிந்தது. நீள மேசையில் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவார், வட்டத்தில் எல்லோரும் சமம் என்பது ரெக்டர் ஃபாதரின் ஆசை. மேசை வந்த மூன்றாம் நாளே எல்லோருக்கும் நிரந்தர இடம் அமைந்துவிட்டது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரெக்டர். அவர் முகம் நிழலில் இருக்கும், மற்றவர்கள் முகம் வெளிச்சத்தில். சமத்துவம் அவ்வளவுதான். கதவோரம் நான். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலி, அதன்மேல் எல்லோருடைய போன்களையும் போட்டுவைக்கும் பிரம்புக் கூடை.

உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவைப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் 'திட்டப் பிரிவில் நேர்ந்த எழுத்தர் பிழை' என்று இருக்கிறது. நீங்கள் ஓய்வுபெற்ற நீதிபதி. முப்பது ஆண்டுகள் பொய்யைக் கேட்டே பழகியவர். உங்களுக்குமா அது பிழையாகத் தெரிந்தது? அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். நர்சிங் கல்லூரி முதல்வரைக் காப்பாற்ற எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இது சேசு சபைக் குருக்கள் நடத்தும் பல்கலைக்கழகம், ரெக்டர்தான் தலைவர். நான் குரு இல்லை, திட்டப் பிரிவில் வேலை பார்ப்பவன். சட்டம், மேலாண்மை, ஆசிரியர் பயிற்சி, நர்சிங் என இங்கே நான்கு தொழிற்கல்விக் கல்லூரிகள். நான்கிலும் ஐந்து ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை இரண்டு மடங்காக வேண்டும். ஒவ்வொரு மாணவர்மீதும் காட்டும் தனி அக்கறையும் குறையக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதற்குப் பெயர் தொலைநோக்குத் திட்டம். எழுதுவது என் வேலை. எழுதிய பிறகு, அதைத் தாங்களே யோசித்ததாக நான்கு முதல்வர்களும் நம்பும்படி செய்வதும் என் வேலை.

அது கடினமில்லை. சட்டக் கல்லூரி முதல்வரை வளாகத்தில் 'உட்பிரிவு' என்பார்கள். எதைக் கேட்டாலும் அதற்குள் இன்னும் இரண்டு இருப்பதாகச் சொல்லிவிட்டு எதையும் சொல்லாமல் நிறுத்திக்கொள்வார். மேலாண்மை முதல்வர் 'அம்புக்குறி'. அவர் திரையில் காட்டும் படங்களில் எல்லா அம்புகளும் மேலேதான் போகும். மாணவர் வருகை குறைந்ததைக் காட்டும் படத்தில்கூட அம்பு மேலே போனது. ஆசிரியர் பயிற்சி முதல்வருக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு யாரும் அவரைக் கவனித்ததில்லை. நான்காமவர் நர்சிங் முதல்வர், என் மனைவியின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

என் மனைவி என் வரைவுகளைப் படுத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பாள். வாசித்து முடித்த தாள்களை வயிற்றின் மேல் அடுக்கிவைப்பாள். ஏழாம் மாதம். அடுக்க இடம் இருந்தது.

"ஏங்க, 'திறன்கள் மேம்படுத்தப்படும்', 'வாய்ப்புகள் கண்டறியப்படும்'... இதுல ஒரு வாக்கியத்துலயாவது ஒரு ஆள் இருக்காரா? எல்லாம் தானாவே நடக்குது. ஆவி எழுதின மாதிரி இருக்கு."

"ஆள் இருந்தா பொறுப்பு வந்துடும்."

"அப்போ பொறுப்பே இல்லாத ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டேனா?"

சிரித்ததில் வயிறு குலுங்கித் தாள்கள் சரிந்தன. எண்பத்து நான்கு பக்கங்கள். பக்க எண் பார்த்து நான்தான் அடுக்கினேன்.

எங்கள் வீடு வளாகத்தின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில். இந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் ஏழாவது நிமிடம் வீட்டுக் கதவைத் தட்டலாம். மதியச் சாப்பாட்டுக்குத் தினமும் போய்வருவேன். அதனால்தான் அந்த வீட்டைப் பிடித்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், திட்டத்தின் முதல் அமர்வு நடந்த நாளில் அவள் இறந்தாள். காலை பதினொரு மணிக்குத் தலைவலி. கண்முன்னால் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்று அக்காவுக்குப் போன் செய்திருக்கிறாள். அக்கா அன்று அமர்வுக்கு வராமல் ஊரின் மறுகோடியில் மருத்துவமனை வார்டில், பயிற்சிக்கு வந்த எட்டு மாணவிகளோடு இருந்தார். இரத்த அழுத்தம் என்று பேச்சிலேயே புரிந்துகொண்டு ஆம்புலன்ஸை அனுப்பினார். தான் வரவில்லை. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்தார்கள். அதற்குள் வலிப்பு வந்து எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையும்தான்.

பிணவறை வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எட்டுப் பிள்ளைங்க கையில ஊசியோட நிக்குதுங்க தம்பி. அப்படியே விட்டுட்டு எப்படிடா வர்றது? ஒண்ணு தப்பாப் போட்டாலும் ஒரு உயிரு."

நான் தலையாட்டினேன். அவர் சொன்னது நியாயம்தான். அந்த எண்ணை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டேன். எட்டு.

பன்னிரண்டாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். ரெக்டர் என் தோளில் கைவைத்து, வேதனையிலும் ஏதோ ஓர் அழைப்பு இருக்கும், அமைதியாக உற்றுக் கேள் என்றார். கேட்டேன். தாள் தீர்ந்துவிட்டதாக அச்சு இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருவார். ஒரு டப்பாவில் சாப்பாடு இருக்கும். வந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுவார். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைப்பார். "சாப்ட்டியா இல்லயா? உண்மையச் சொல்லு. முகத்தப் பாத்தாலே தெரியுது, நேத்துக்கூட அடுப்பு பத்தவைக்கல." அவர் போனதும் டப்பாவைக் கழுவிவைப்பேன். சாப்பாட்டை என்ன செய்தேன் என்பது உங்கள் விசாரணைக்குள் வராது.

இப்போது இந்த மேசையில் முடிவுகள் எப்படி எடுக்கப்படும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புத்திசாலிகள் நான்கு பேர் எப்படி ஏமாந்தார்கள் என்று நீங்கள் குழம்புவீர்கள். முதலில் அவர்கள் புத்திசாலிகள் இல்லை. இரண்டாவது, முறை அப்படி.

இங்கே விவாதம் கிடையாது. அதற்குப் பதில், தேர்ந்து தெளிதல். போன்கள் கூடைக்குள் போகும். பேசுகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், சந்தேகப்படக் கூடாது என்று ரெக்டர் நினைவூட்டுவார். முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு நிமிடம் தன் கருத்தைச் சொல்லலாம். பிறகு மௌனம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்பதை மட்டும் சொல்லலாம். கேள்வி கிடையாது, மறுப்பு கிடையாது, யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் கூடாது. எழுந்தால் மௌனம் கலைந்துவிடும். பிறகு மீண்டும் மௌனம். மூன்றாம் சுற்றில் எல்லோருக்கும் பொதுவாகத் தெளிந்தது எது என்று பார்ப்பார்கள். மறுப்பு இருந்தால் அங்கே சொல்லலாம். ஆனால் அப்போது மணி ஒன்று தாண்டியிருக்கும். பசித்தவர்கள் மறுப்பதில்லை. தெளிந்ததை நான் எழுதுவேன்.

குருக்கள் தங்களுக்குள் இதை எப்படிச் செய்கிறார்களோ தெரியாது. மனச்சாட்சியோடு உட்காருகிறவர்களுக்காகச் செய்த முறையை மாணவர் எண்ணிக்கைக்காக உட்காருகிறவர்களிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களில் யாரும் யோசிக்கவில்லை.

அவள் இறந்த ஐந்தாம் மாதம் நர்சிங் கல்லூரியின் முறை வந்தது. இரண்டு மடங்கு மாணவிகளைச் சேர்க்க ஒரே தடை, மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு மேற்பார்வையாளருக்கு எட்டு மாணவிகள் என்ற கணக்கு. அரசு விதியில் எண் இல்லை. 'போதிய மேற்பார்வை' என்று மட்டும் இருக்கிறது. எட்டு என்பது அக்கா தானாகப் பிடித்துவைத்திருந்த எண்.

ஏழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் புள்ளிவிவரம் வாங்கினேன். பட்டியலில் இரண்டு நெடுவரிசைகள் இருந்தன. ஒன்று, பொம்மையை வைத்து ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் கூடத்தில் எத்தனை பேர். பெரும்பாலும் பதினாறு. மற்றது, உயிருள்ள நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் எத்தனை பேர். ஆறு, எட்டு, ஓரிடத்தில் ஐந்து. இரண்டாவது நெடுவரிசையை அழித்தேன். முதலாவதின் தலைப்பில் 'கூடப் பயிற்சி' என்று இருந்ததை 'மருத்துவமனைப் பயிற்சி' என்று மாற்றினேன்.

என் மனைவி கேட்டாளே, அந்த ஆள் இந்த வாக்கியங்களில் இருக்கிறான். அழித்தேன். மாற்றினேன். இதைத்தான் நீங்கள் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பட்டியலை முதல் நாளே அம்புக்குறியிடம் மட்டும் காட்டினேன். "சார், இத நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா நல்லா இருக்கும்" என்றேன். அவர் கண்டுபிடித்தார். முதல் சுற்றில் பேசும் வரிசையை நான்தான் போடுவேன். அக்காவை முதலில் வைத்தேன். மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்தில் மாணவிகள் நின்றுகொண்டே வருகிறார்கள், இன்னொரு பேருந்து வேண்டும் என்று தன் இரண்டு நிமிடத்தையும் பேருந்துக்கே செலவழித்தார். அம்புக்குறியைக் கடைசியில் வைத்தேன்.

"ஏழு இடத்துல பதினாறு ஓடுது ஃபாதர். நாம மட்டும்தான் எட்டுல உக்காந்திருக்கோம். நம்ம பிள்ளைங்க என்ன மட்டமா? அவங்கள நம்பணும். நம்பறதும் ஒரு அக்கறைதானே?"

மௌனம். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் முடிந்ததும் சிறு மணியைத் தட்டினேன். இரண்டாம் சுற்று. உட்பிரிவைத் தொட்டது நம்பிக்கை. ஆசிரியர் பயிற்சியைத் தொட்டதும் நம்பிக்கை. அக்காவின் முறை.

"ஃபாதர், பதினாறு எப்படி ஓடுதுன்னு எனக்குப் புரியல. எட்டுக்கே ரெண்டு கண்ணு பத்தல எனக்கு. தம்பி, அந்தக் கணக்கு..."

ரெக்டர் விரலை உயர்த்தினார். கோபமில்லாமல்தான். "முதல்வர், இது ரெண்டாம் சுத்து. கேள்வி வேண்டாமே. உங்களத் தொட்டது எது, அத மட்டும் சொல்லுங்க."

அக்கா மேசையைப் பார்த்தார். "பிள்ளைங்கள நம்பணும்னு சொன்னது... தொட்டுச்சு ஃபாதர்" என்றார். கண்ணீர் வந்துவிட்டது. என்னிடம் இருக்கும் குறிப்பேட்டில் பாருங்கள். 'நர்சிங் முதல்வரிடம் ஆழ்ந்த உள்ளசைவு' என்று எழுதியிருக்கிறேன்.

பதினாறு தெளிந்தது. அதைத் திட்டத்தில் 'ஒவ்வொருவர்மீதும் தனி அக்கறை' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய ஒரே ஆள் இறந்துவிட்டிருந்தாள்.

அன்று தாழ்வாரத்தில் அக்கா என்னை நிறுத்தினார். "அந்தப் பட்டியல் நெசந்தானா தம்பி?"

"ஏழு இடத்துலயும் எழுதிக் கேட்டு வாங்கினதுதான் அக்கா."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். சந்தேகப்படக் கூடாது என்று அந்த மேசையில் சொல்லப்படும் விதியை மேசைக்கு வெளியேயும் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு கூடவில்லை.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்திலும் பின்னிணைப்பாக இடர்ப் பட்டியல் ஒன்று இருக்கும். என்ன தவறு நடக்கலாம், நடக்க வாய்ப்பு எவ்வளவு, விளைவு என்ன, யார் பொறுப்பு. அறுபத்து ஒன்றாம் பக்கம், பதினான்காம் வரி. 'மேற்பார்வைக் குறைவால் நோயாளி உயிரிழத்தல். வாய்ப்பு: அதிகம். விளைவு: மிகக் கடுமை. பொறுப்பு: முதல்வர், நர்சிங் கல்லூரி.' நான்கு முதல்வர்களும் ரெக்டரும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலும்தான். அக்காவின் ஒப்பம் அந்த வரியின் மேலேயே கொஞ்சம் ஏறியிருக்கிறது. வெளியீட்டு விழாவில் ரெக்டர் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். ஒருவரும் படிக்கவில்லை. படிக்கப்படாத ஒரு கொலைக் குறிப்பை இவ்வளவு நல்ல காகிதத்தில் வேறு எங்கும் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

யாராவது சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வாய்ப்பு 'அதிகம்' என்று எழுதியதும் நான்தான். எட்டுப் பேரை விட்டுவிட்டு வர முடியாதவரிடம் பதினாறு பேரைக் கொடுத்தால் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். யாரையாவது ஒருவரை அவர் விட்டுத்தான் ஆக வேண்டும். யாரை என்பதில் எனக்கு அக்கறை இருக்கவில்லை.

போன மாதம் விட்டார். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நீர்த்துச் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டிய மருந்தை நேராக நரம்பில் ஏற்றிவிட்டாள். அக்கா அப்போது அடுத்த வார்டில் இன்னொருத்தியின் கையைப் பிடித்து ஊசி போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கு இருபத்தாறு வயது. குடல்வால் அறுவை முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தவள். புருஷன் பேருந்து ஓட்டுநர். தாழ்வாரத்தில் அவளுடைய செருப்பை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் சார்பில் என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். காட்டினேன். எனக்குள் ஏதாவது நகர்கிறதா என்று நின்று பார்த்தேன். நகரவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். போலீஸ் ஒருமுறை வந்து போயிருந்தது. அப்போதும் டப்பா கொண்டுவந்திருந்தார். இந்த முறை திரைச்சீலையைத் தொடவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணுக்குப் பத்தொம்போது வயசு. தினம் அதோட அம்மா போன் பண்ணி அழுவுது. நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவால்ல, அத விட்டுடச் சொல்லணும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா? பதினாறு பேரு."

"அத சொல்லித் தப்பிக்கச் சொல்றியா? கையெழுத்து போட்டது நான்தானே." டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "உன் மேல ஏதாவது வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு. பட்டியல் குடுத்தவங்க தப்பாக் குடுத்திருப்பாங்க. நீ எதையும் தலையில போட்டுக்காத. ஏற்கெனவே நீ பட்டது போதும்."

டப்பாவைத் திறந்து தட்டில் போட்டார். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

ஆகவே பக்கம் ஒன்பதைத் திருத்திவிடுங்கள். வார்டில் எண்ணிக்கையை எட்டிலிருந்து பதினாறாக்க நான் திட்டமிட்டேன். பொய்யான பட்டியலை நான் செய்தேன். ஒருவர் சாவார் என்று தெரிந்து செய்தேன். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். அக்காவின் பொறுப்பு நெடுவரிசை அப்படியே இருக்கட்டும். அது சரியாகத்தான் இருக்கிறது.

நேற்று கோப்பை மூடியபிறகு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "உங்களுக்கு முதல்வர்மேல ஏதும் கோபம் இருந்ததான்னு அவங்ககிட்டயே கேட்டேன். இல்லவே இல்லன்னாங்க. அன்னைக்கு உங்களுக்கு நாலு தடவ போன் பண்ணாங்களாம். 'கூட்டத்துல இருந்தான், பாவம், அவனுக்குத் தெரியாது'ன்னாங்க. தெரியாதா?"

இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். போன்கள் கூடையில் இருந்தன. அது விதி. விதிகளை வகுத்து எழுதியவன் நான். பிரம்புக் கூடை என்பதால் அதிர்ந்தால் முக்காலியோடு சேர்ந்து உறுமும். திரும்பிப் பார்த்தேன். திரையில் அக்கா என்று இருந்தது. வேலை நேரத்தில் அவர் சும்மா கூப்பிடுகிறவர் இல்லை. நின்றது. மறுபடி வந்தது. ரெக்டர் கண்ணை மூடியிருந்தார். அது இரண்டாம் சுற்று. இன்னும் இரண்டு பேருக்குப் பிறகு என் முறை. அதுதான் நான் வகுத்த முறையின் முதல் நாள். மூன்றாவது தடவை வந்தபோது மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று மேசைத் துணியை மடித்துக் கூடையின்மேல் போட்டேன். நான்காவது யாருக்கும் கேட்டிருக்காது. அமர்வு நன்றாக முடிந்தது. ரெக்டர் என்னைப் பாராட்டினார்.

அக்கா எழுந்து வந்திருக்கலாம். எட்டுப் பேர்தானே. அன்று என் மனைவியிடம் போய்ச் சேர்ந்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.